ரொட்டியும் ஊசும்

1

"பூசணம் பூக்கறதப் படிக்கறதுக்கு ஒரு காலேஜாக்கும்? அத உங்கம்மாகிட்டயே படிச்சிருக்கலாமே, அம்மணி."

சேந்தமங்கலத்தில், கொல்லிமலைக்குப் போகும் பேருந்துகள் நின்று கிளம்பும் சாலையில் ஒரு பேக்கரி இருக்கிறது. அதன் முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி என்னிடம் சொன்னது இது. எனக்குச் சேலத்தில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான். பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போன முதல் ஆளும் நான்தான். அந்தச் செய்தியை அவர் காதில் போட வேண்டும் என்பதற்காகவே அன்று அங்கே பன் வாங்கப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்த நான்கைந்து பேர் சிரித்தார்கள். நான் பன்னை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபடியே வெளியே வந்தேன். பேருந்து நிறுத்தம் வரைக்கும் நிமிர்ந்துதான் நடந்தேன்.

இப்போது சிங்கப்பூரில் இருக்கிறேன். பூசணம் பூப்பதுதான் என் பிழைப்பு. கடை ரொட்டி எத்தனை நாள் தாங்கும், எதனால் கெடும் என்று பார்த்துச் சொல்லும் ஆய்வுக்கூடத்தில் ஐந்தாவது வருடம். என் மேசைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. அதற்குள் வருடம் முழுவதும் சித்திரை மாதம்தான். சூட்டையும் ஈரத்தையும் எந்திரம் அப்படியே பிடித்து வைத்திருக்கும். அங்கே ரொட்டிகளை அடுக்கிவிட்டு, அவை ஒவ்வொன்றாகச் சாவதை நேரம் குறித்து எழுதுவேன்.

சென்ற மாதம் அந்தப் பேக்கரியிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அம்மாவுக்கு நடந்ததை முதலில் சொல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்கு அளவுக்கு மீறியதாகத் தெரியும்.

2

அம்மா பெயர் பழனியம்மாள். அந்தப் பேக்கரியில் ஐந்து வருடம் பேக்கிங் வேலை பார்த்தாள். சுட்டு வந்த ரொட்டியை உறையில் போட்டு வாயைக் கட்ட வேண்டும். ஆறுவதற்கு முன்பே கட்டச் சொல்வார் முதலாளி. கையில் வாங்கும்போது வெதுவெதுப்பாக இருந்தால்தான் ஜனங்கள் புதுசு என்று நம்புவார்களாம். உறைக்குள் முத்து முத்தாக வியர்க்கும். "ரொட்டியக் குளிக்க வெச்சுக் குடுக்கறோம் சாமி" என்று அம்மா வீட்டில் என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்போது நம் பக்கத்தில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது. ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு பாக்கெட் இருக்கும். நான் ஏழாவது முடித்த கோடை விடுமுறையில், அப்படி வாங்கிப்போன ஒரு பெரியவர் பாக்கெட்டைத் திரும்பக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார். அம்மாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்ததால் நானும் அங்கே நின்றிருந்தேன். ரொட்டியின் வெளியே ஒரு புள்ளிப் பூசணம் இல்லை. அவர் பிய்த்துக் காட்டினார். நடுவில் பழுப்பாகப் பிசுபிசுத்தது, நூல் நூலாக இழுபட்டது, அழுகத் தொடங்கிய பலாச்சுளை போல வாசம் அடித்தது. அந்த வாரத்தில் அப்படித் திரும்பி வந்த நாலாவது பாக்கெட் அது.

முதலாளி அம்மாவைக் கூப்பிட்டார்.

"என்ன பழனியம்மா இது?"

அம்மா மோந்து பார்த்தாள். "ஊசிப்போச்சுங்க."

"ஊசிப்போறதுக்கு இதென்ன சோறா? ரொட்டின்னா பூசணம் பூக்கும். ரொட்டி எங்கயாச்சும் ஊசுமா?"

"உள்ளாற ஊசியிருக்குதுங்க. விக்காமத் திரும்பி வார ரொட்டிய ஊற வெச்சுப் புது மாவுல பெசையறாங்கல்லங்க, அதுலதானுங்க வருது. நானும் பத்து நாளாப் பாக்கறேன்."

கடையில் ஆட்கள் இருந்தார்கள். சொல்லக் கூடாத இடத்தில் சொல்லிவிட்டாள். முதலாளி குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெரியவர் பக்கம் திரும்பி, "இவ கை ஈரக் கைங்க" என்றார். "எத்தன சொன்னாலும் தொடைக்கறதில்ல. தொட்டதெல்லாம் ஊசிப்போவுது. நாளையிலிருந்து வேற ஆளப் போட்டுக்கறேன், நீங்க கோவிச்சுக்காதீங்க."

ஒரு நிமிடத்துக்கு முன் ஊசவே ஊசாத ரொட்டி, அம்மா கை பட்டது என்றதும் ஊசிவிட்டது. அதை நான் அங்கேயே கவனித்தேன். பன்னிரண்டு வயதில் கவனித்து என்ன செய்வது.

வேலை போனதைவிட அந்தச் சொல் பரவியதுதான் பெரிய கேடு. 'ஊசக்கை' என்று அம்மாவுக்குப் பெயர் விழுந்தது. யாருடைய கையைப் பற்றி அப்படிச் சொன்னால் ஊர் உடனே நம்பும் என்பது முதலாளிக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு மோர் வாங்க வந்துகொண்டிருந்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்துச் சத்துணவு சமையலுக்குக் கேட்டு வைத்திருந்த வேலை வேறொருத்திக்குப் போனது. சித்தி மகள் காதுகுத்துக்குப் போயிருந்தோம். அம்மா வழக்கம்போல அரிவாள்மணை முன் உட்காரப் போனாள். சித்தியின் மாமியார் வந்து, "நீ காயெல்லாம் அரிய வேண்டாம் பழனி, எலை எடுத்தாப் போதும்" என்றார். சொந்த வீட்டு விசேஷத்தில், எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அம்மா எச்சில் இலை எடுத்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு அம்மா யாருக்கும் பரிமாறுவதில்லை. "நீங்களே எடுத்துப் போட்டுக்கங்க" என்று பாத்திரத்தை நகர்த்தி வைத்துவிடுவாள். எனக்கே அப்படித்தான்.

3

கல்லூரியில் இரண்டாம் வருடம் ஒரு பேராசிரியை ரொட்டி கெடுவதைப் பற்றிப் பாடம் நடத்தினார். மாவில் இயல்பாகவே இருக்கும் ஒரு கிருமியின் வித்துகள் அடுப்புச் சூட்டிலும் சாகாமல் ரொட்டியின் நடுவில் பிழைத்துக்கொள்ளும். கோடையில் ஒன்றிரண்டு நாளில் முளைத்து உள்ளேயே கூழாக்கும். பழுத்த பழ வாசம் வரும், பிய்த்தால் நூல் இழுக்கும். பழைய ரொட்டியைப் புது மாவில் சேர்க்கும் பேக்கரிகளில் இது விடாது தொடரும். ஆங்கிலத்தில் இதற்கு 'ரோப்' என்று பெயர். கயிறு.

சுட்ட பிறகு ரொட்டியைத் தொடும் கைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த ஒரு வரியை நான் நோட்டில் மூன்று முறை எழுதினேன்.

அந்த வாரமே ஊருக்குப் போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இதத்தான நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள் அம்மா. அவளுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. எனக்குத்தான் அன்றிலிருந்து தீ பிடித்தது. அம்மாவுக்குத் தெரிந்தது போதாது. முதலாளி வாயால் வர வேண்டும்.

சிங்கப்பூர் வந்த முதல் மாதம் ஒரு ரொட்டித் தொழிற்சாலைக்கு என்னை அனுப்பினார்கள். என் மேலதிகாரி சல்மாவும் வந்திருந்தார். மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். வரிசையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பிய்த்தேன். அதே வாசம். கல்லூரியில் படித்த சொல் வரவில்லை. வாயில் தமிழ்தான் வந்தது. "ஐயோ, ஊசிப்போச்சு" என்றேன். அங்கே பயிற்சியில் இருந்த ஷர்மினி இந்த ஊரிலேயே பிறந்த தமிழ்ப் பெண். என்ன சொன்னாள் என்று சல்மா கேட்க, அவள் பதறிப்போய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்: ரொட்டிக்குள் ஊசி போய்விட்டதாம்.

சல்மா சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார். தொழிற்சாலை முழுவதும் நின்றது. வெள்ளைத் தொப்பி போட்ட பதினெட்டுப் பேர், உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு, நாற்பது நிமிடம் இல்லாத ஊசியைத் தேடினார்கள். நான் ஆங்கிலத்தில் விளக்க விளக்க, ஊசி எத்தனை நீளம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் சல்மா ரொட்டியை வாங்கி மோந்து பார்த்தார். விஷயம் புரிந்தது. இந்த ஊரில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. 'நிகழ்வுக்கான மூல காரணம்' என்ற கட்டத்தில் அவர் ஒரே சொல் எழுதினார்: மொழி.

"நாங்க எல்லாத்துக்கும் 'பேட் ஆயிருச்சு'ன்னுதான் சொல்வோம் அக்கா" என்றாள் ஷர்மினி பிறகு, மன்னிப்புக் கேட்கும் குரலில். அவளைக் குறை சொல்ல நான் யார். ரொட்டி ஊசாது என்று அடித்துச் சொன்னவர் சேந்தமங்கலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

4

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கடையில் வாங்கும் ரொட்டியை நம் வெயிலில் எப்படி வைப்பது. அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது எல்லா வீட்டிலும் ரொட்டி இருக்கிறது.

ரொட்டிக்கு வருவது மூன்று கேடு. விறைக்கும், பூக்கும், ஊசும். விறைத்த ரொட்டி கெட்ட ரொட்டி இல்லை. கல்லில் போட்டுச் சுட்டால் இளகிவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் பூசணம் தள்ளிப் போகும், ஆனால் வெளியே இருப்பதைவிட வேகமாக விறைக்கும். அதனால் இரண்டு நாளில் தின்று தீர்ப்பதாக இருந்தால் வெளியே வையுங்கள்: உறையின் வாயை முறுக்கிக் கட்டி, அடுப்பு ஆவியும் சோற்று ஆவியும் படாத அலமாரியில். ஃபிரிட்ஜின் தலைமேல் வைக்காதீர்கள். பாதி வீடுகளில் ரொட்டி அங்கேதான் இருக்கிறது, அங்கேதான் சூடு அதிகம். அதற்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஃபிரீசர்தான். வாங்கிய அன்றே துண்டுகளை நான்கு நான்காகச் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்து நேராகக் கல்லில் போடுங்கள். நான் இங்கே அப்படித்தான் செய்கிறேன். இந்தத் தீவின் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும்.

கடையில் வாங்கும்போது உறைக்குள் வியர்வை இருந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். வெதுவெதுப்பு புதுமைக்கு அடையாளம் இல்லை. ஒரு துண்டில் பூசணம் தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் எறிந்துவிட்டு மற்றதைத் தின்னாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத வேர் உள்ளே ஓடியிருக்கும். ரொட்டி வைக்கும் டப்பாவை வாரம் ஒரு முறை வினிகர் தொட்டுத் துடைத்து வெயிலில் காய வையுங்கள். பழ வாசம் வந்தாலோ, பிய்க்கும்போது நூல் இழுத்தாலோ அது ஊசிய ரொட்டி. கோழிக்குக்கூடப் போடாதீர்கள்.

பிறகு யாருடைய கையையும் பார்க்காதீர்கள். எந்தப் பேக்கரி என்று பாருங்கள்.

5

மின்னஞ்சல் ஆங்கிலத்தில் வந்திருந்தது. 'மதிப்பிற்குரிய திரு. பெரியசாமி அவர்களுக்கு' என்று தொடங்கியது.

பெரியசாமி என் அப்பா. போர்வெல் லாரியில் வருடத்துக்குப் பத்து மாதம் வடக்கே போய்விடுகிறவர். கடவுச்சீட்டு எடுக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார்கள். அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து விமான நிலையத்திலும் வேலை அனுமதி அலுவலகத்திலும் பல் மருத்துவரிடத்திலும் நான் பெரியசாமிதான். கோமதி என்ற என் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. அம்மா பெயருக்கு எந்தப் படிவத்திலும் கட்டமே இல்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தின் இணையதளத்திலும் 'ஜி. பெரியசாமி' என்றுதான் இருக்கிறது. இணையத்தில் தேடி அந்தத் தமிழ்ப் பெயரைக் கண்டு, அதை நம்பித்தான் முதலாளியின் மகன் எனக்கு 'சார்' போட்டு எழுதியிருந்தார்.

பேக்கரி பெரிதாகிவிட்டது. நாமக்கல், சேலம், ஆத்தூர் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கெல்லாம் அவர்கள் ரொட்டிதான் போகிறதாம். வெயில் தொடங்கியதிலிருந்து நடுவில் பிசுபிசுத்து, நூல் விட்டுத் திரும்பி வருகிறதாம். இப்படியே போனால் எல்லாக் கடையும் நிறுத்திவிடும் என்று எழுதியிருந்தார். படங்களும் இருந்தன. பெரிதாக்கிப் பார்க்கத் தேவையே இல்லை. கடைசிப் பத்தி இது: 'சுகாதாரக் குறைவாக இருக்கலாம் என்று பேக்கிங்கில் இருந்த இரண்டு பெண்களை நிறுத்திவிட்டோம். இன்னும் சரியாகவில்லை.'

பதினோரு நாள் நான் பதில் போடவில்லை. அந்தப் பதினோரு நாளும் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். ஒவ்வொரு நாளும் அங்கே எத்தனை பாக்கெட் திரும்பி வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஊசட்டும். ஆத்தூர் வரைக்கும் ஊசட்டும். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அந்த இரண்டு பெண்கள்தான் உறுத்தினார்கள். அவர்கள் வீட்டிலும் ஏழாவது படிக்கிற ஒருத்தி இருக்கலாம். நான் பதில் போடாமல் இருந்தால் முதலாளியின் ரொட்டி மட்டும் கெடாது, அவர்கள் பெயரும் சேர்ந்து கெடும்.

சல்மாவிடம் கேட்டேன். சின்ன பேக்கரிகளை நம் நிறுவனம் எடுப்பதில்லை, உன் சொந்த நேரத்தில் பதில் சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

"அவர்கள் எனக்கு எதிரிகள்" என்றேன்.

"அப்படியானால் இன்னும் கவனமாக எழுது. எதிரிக்கு எழுதுவதில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது."

6

தமிழில் எழுதினேன். முதலில் அந்த இரண்டு பெண்களையும் திரும்ப வேலைக்குக் கூப்பிட வேண்டும். அதுவரை நான் எதையும் பார்க்க மாட்டேன். அடுத்து, ஒரே நாளில் சுட்ட ஆறு ரொட்டிகளை மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைக்க வேண்டும். மூன்றாம் நாள் என் சார்பில் ஒருவர் வந்து வெட்டி, தொட்டு, மோந்து பார்ப்பார். அவர் பெயர் பழனியம்மாள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே அவர் சொல்வதை, அவர் சொல்லும் சொல்லிலேயே, உங்கள் அப்பா தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை இணைத்திருந்தேன். கீழே என் முழுப்பெயரை எழுதினேன்.

மறுநாள் மதியம் மகன் அழைத்தார்.

"ஏனுங்க, நீங்க நம்ம பழனியம்மாக்கா பொண்ணுங்களா?"

"ஆமாங்க."

"அப்பாவுக்கு வயசாயிருச்சுங்க, மேடம்."

"எங்கம்மாவுக்கும் வயசாயிருச்சுங்க."

"இல்லைங்க, நீங்களே மருந்து என்னன்னு ஒரு வார்த்த சொல்லீட்டீங்கன்னா..."

"ஃபாரம் எழுதி முடிஞ்சதும் அவங்களே சொல்லுவாங்க. நான் சொல்லிக் குடுத்தது இல்லைங்க. அவங்க அன்னிக்கே உங்க கடையில நின்னு சொன்னதுதான். உங்கப்பாவக் கேட்டுப் பாருங்க, ஞாபகம் இருக்கும்."

இரண்டு நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. 'ரெண்டு பேரையும் வரச் சொல்லிட்டோம். புதன்கிழமை அம்மா வரட்டுங்க. அப்பாகிட்டச் சொன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லல.'

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது.

"எனக்கெதுக்கு சாமி அந்த வம்பு? அந்தாளு மூஞ்சிய நான் திரும்பப் பாக்கோணுமா?"

"நீ பாக்க வேண்டாம்மா. அவரு உன்னப் பாக்கட்டும்."

"பாத்து?"

"நீ ரொட்டிய அறுக்கறத, தொடறத, மோக்கறதப் பாக்கட்டும். ஆறு ரொட்டிம்மா. ஒவ்வொண்ணுக்கும் நீ சொல்லு, அவரு எழுதட்டும்."

"என்னன்னு சொல்றது?"

"உனக்கு என்ன தோணுதோ அது."

"ஊசிப்போச்சுன்னா ஊசிப்போச்சுன்னுதான் சொல்லுவேன்."

"அதான் வேணும்."

தொலைபேசியில் அம்மாவுக்குப் பின்னால் அடுப்பில் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது. "ஆறுக்கும் அதையேவா எழுதுவாரு?" என்றாள்.

"ஆறுக்கும்."

"அந்த ரெண்டு புள்ளைங்களும் வேலைக்கு வந்துட்டாங்களாம். நேத்துப் பஸ்ஸுல ஒருத்தியப் பாத்தேன்" என்றாள். அப்புறம், "கத்தி அங்கயே இருக்குமா, நான் ஊட்டுலருந்து கொண்டு போவோணுமா?"

அங்கேயே கொடுப்பார்கள் என்றேன். இதை மன்னிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் ரொட்டி பிழைத்துக்கொள்ளும். வினிகர் சேர்த்து, தொட்டிகளைக் கழுவி, பழைய ரொட்டியை மாவில் போடுவதை நிறுத்தினால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும். அதை நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தக் காகிதம் எனக்கு வேண்டும். அவர் கையெழுத்தோடு வந்ததும் அதன் நகல் சித்தி வீட்டுக்குப் போகும், சத்துணவுக் கூடத்துக்குப் போகும். எனக்குத் தெரிந்த எல்லா வீட்டுக்கும் போகும்.

மகனுக்கு இன்னொரு வரி எழுதி அனுப்பினேன்: ஒரு கத்தி, ஒரு பலகை, கடையின் முன்பக்கத்தில் ஒரு நாற்காலி, பக்கத்தில் உங்கள் அப்பா. நாமக்கல்லில் கார் சொல்லியாகிவிட்டது; புதன்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வரும். ஓட்டுநரிடம் நானே பேசினேன். வேலைக்கு வருகிறவர்கள் நுழையும் பின்சந்துக்குப் போகாமல், கல்லாவுக்கு நேர் எதிரே, வாசலிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.